ஏற்றிய கொடி, இறக்காத கொடி

‘ஃபீச்சர் ஃப்ளாக்’ என்ற சொல்லை மென்பொருள் வேலையில் முதன்முதலில் கேட்டபோது, திருவண்ணாமலைக்காரனான எனக்கு நினைவுக்கு வந்தது கார்த்திகைக் கொடியேற்றம். யோசித்துப் பார்த்தால் அந்த உத்திக்கு இன்னும் நெருக்கமானது மகாதீபம்தான். தீபத்துக்கு முந்தின நாளே கொப்பரையை 2,668 அடி உயர மலைக்குத் தூக்கிப்போய்விடுவார்கள். நெய்யும் திரியும் மேலே போய்ச் சேர்ந்துவிடும். ஆனாலும் மறுநாள் மாலை ஆறு மணி வரை யாரும் தீக்குச்சி உரச மாட்டார்கள். கீழே கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து சில நிமிடங்கள் காட்சி தரும் நேரத்தில்தான் மேலே தீபம் எரியும். கொண்டு சேர்ப்பது ஒரு நாள், ஏற்றுவது வேறொரு நாள்.

ஃபீச்சர் ஃப்ளாக்கும் இதுதான். புது நிரலை முன்கூட்டியே சர்வரில் போட்டுவிடுவோம். ‘கொடி ஏறியிருந்தால் புது வழி, இல்லாவிட்டால் பழைய வழி’ என்று உள்ளே ஒரு நிபந்தனை இருக்கும். புகைப்படத் தளமான ஃப்ளிக்கரின் பொறியாளர்கள் தாங்கள் இப்படி வேலை செய்வதைப் பற்றி 2009 டிசம்பரில் எழுதினார்கள். ஆளுக்கொரு கிளையில் எழுதிவிட்டுக் கடைசியில் ஒட்டவைக்கும் அவஸ்தை அவர்களுக்கு இல்லை. எல்லோரும் ஒரே நிரலில் எழுதினார்கள். முடியாத பகுதியைக் கொடி மறைத்துவைத்தது. ஏதாவது கோளாறு என்றால் கொடியை இறக்கினால் போதும்.

மூன்று வருடம் கழித்து இதன் மறுபக்கம் தெரிந்தது. அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிடலில் ‘பவர் பெக்’ என்றொரு பழைய நிரல் இருந்தது. 2003-லேயே அதன் பயன்பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஆனால் நிரலை நீக்கவில்லை. ஆர்டர் நிறைவேறியதும் ‘போதும்’ என்று சொல்லும் எண்ணிக்கைப் பகுதியை 2005-ல் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு பவர் பெக்கை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. உறங்கும் நிரலை யார் சோதிப்பார்கள்?

2012-ல் புது வசதி ஒன்றுக்கு அந்தப் பழைய கொடியையே எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஏழுக்குப் புது நிரல் போனது, ஒன்று விட்டுப்போனது. ஆகஸ்ட் 1 காலை கொடி ஏறியதும் எட்டாவது சர்வரில் பவர் பெக் விழித்துக்கொண்டது. எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. 212 ஆர்டர்களை நிறைவேற்றப்போய், 45 நிமிடத்தில் 154 பங்குகளில் சுமார் 40 லட்சம் பரிவர்த்தனைகள். பதற்றத்தில், சரியாக ஓடிய ஏழு சர்வர்களிலிருந்தும் புது நிரலை எடுத்தார்கள். அங்கேயும் பழையது எழுந்தது. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். சந்தை திறப்பதற்கு முன்பே ‘பவர் பெக்’ பெயர் சொல்லி 97 தானியங்கி மின்னஞ்சல்கள் வந்திருந்தன. யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பு 2013 அக்டோபரில் வெளியிட்ட உத்தரவில் இதெல்லாம் இருக்கிறது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சில நாள் முன்னால்தான் கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணே, இந்தக் கொடி எதுக்குன்னு தெரியுமா?”

“தெரியல தம்பி. ஓடுதுல்ல, விட்டுரு” என்றேன்.

மறுநாள் நிரலின் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தேன். நாலு வருடம் முன்பு அதைப் போட்டது நானேதான். பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘தற்காலிகம், இரண்டு வாரத்தில் எடுக்கவும்.’ அதை யார் எடுப்பது என்று எழுதவில்லை.

கோயிலில் அப்படி விடுவதில்லை. ஆகம முறையில் துவஜாரோகணம் என்று கொடியேற்றத்துக்குச் சடங்கு இருப்பதுபோல, இறக்குவதற்கும் துவஜாவரோகணம் என்று தனியாக ஒன்று உண்டு. கொடி இறங்கினால்தான் திருவிழா முடிந்ததாகக் கணக்கு. அலுவலகத்தில் கொடி ஏறும் நாளில் கேக் வெட்டுகிறோம். இறக்கும் நாளுக்கு நாள்காட்டியில் ஒரு கட்டம்கூட ஒதுக்கியதில்லை.

அந்தத் தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். பழைய வழியை யாராவது இன்னும் பயன்படுத்துகிறார்களா என்று இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்கத் தேடினோம். ஒருவரும் இல்லை. சாயங்காலம் அவரே அதை நீக்கினார். “இப்ப அடுத்ததுக்குப் போலாமாண்ணே?” என்றார். பட்டியலில் இன்னும் பதினேழு கொடிகள் இருந்தன.