சரக்குக்காகப் போட்ட கம்பிச்சடக்கு: மலாயா ரயில்வேயின் கதை

மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. பேராக் மாநிலத்தின் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அதில் பயணிகளும் ஏறினார்கள். ஆனால், பாதை போடப்பட்டதற்குக் காரணம் ஈயம். லம்பங்களில் எடுத்த ஈயம் கப்பலுக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்குத்தான் ரயில்.

அடுத்து வந்த பாதைகளுக்கும் இதே கணக்குதான். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவுக்கு; 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு. சுரங்கத்தைத் துறைமுகத்தோடு இணைப்பது முதல் வேலை. ஊரை ஊரோடு இணைத்தது அதற்குப் பிறகு. 1901இல் பேராக், சிலாங்கூர் ரயில்வேக்கள் ஒன்றாகி, கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வே உருவானது. 1909இல் தண்டவாளம் ஜொகூர் பாருவை எட்டியது. அதற்குள் தோட்டங்களின் ரப்பரும் சரக்குப் பெட்டிகளில் ஏறத் தொடங்கிவிட்டது.

ஜொகூர் பாலத்திலும் சரக்குக்கே முதலிடம். 1923 செப்டம்பர் 17இல் சரக்கு ரயில் அதைக் கடந்தது. பயணிகள் ரயில் அக்டோபர் 1 வரை காத்திருந்தது.

உழைத்த கைகள்

காடு வெட்டி, மண்மேடு கட்டி, சல்லி கொட்டி, கட்டை அடுக்கித் தண்டவாளம் பதித்தவர்களில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மிகப் பலர். பாதையைப் பழுது பார்த்துக் காத்தவர்களும் அவர்களே. நிலைய அதிபர், எழுத்தர் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர் நிறைந்திருந்தனர். செந்தூல் பணிமனையையும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளையும் சுற்றித் தமிழர் வாழ்க்கை வேரூன்றியது இப்படித்தான்.

அந்த வரலாற்றில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. கிம்மாஸ்–தும்பாட் கிழக்குக் கரைப் பாதை 1931இல் முடிந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அதன் பெரும்பகுதித் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டது. தோட்டங்களிலிருந்து தமிழர்களும் ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டு போகப்பட்டார்கள். பசி, காலரா, மலேரியா ஆகியவற்றுக்குப் பலியாகி, மிகப் பலர் வீடு திரும்பவில்லை.

இன்றைய சரக்கு ரயில்

1992 முதல் கேடிஎம் பெர்ஹாட் என்ற நிறுவனமாக ரயில்வே இயங்குகிறது. இப்போது முக்கியச் சரக்கு ஈயமல்ல, கொள்கலன்களும் சிமெண்டும்தான். கிள்ளான், பினாங்கு துறைமுகங்களுக்கும் ஈப்போ, பாடாங் பெசார் முனையங்களுக்கும் இடையே கொள்கலன் ரயில்கள் ஓடுகின்றன. தென் தாய்லாந்து ரப்பரும் பாடாங் பெசாரில் ரயிலேறி பினாங்கு வழியாகக் கப்பலுக்குப் போகிறது.

இரு நாட்டுத் தண்டவாளங்களின் அகலமும் ஒரு மீட்டர் என்பதால்தான் எல்லை தாண்டுவது எளிதாகிறது. 1999இல் மலேசியா–பேங்காக் கொள்கலன் ரயில் தொடங்கியதும் அதனால்தான்.

சரக்கு ரயிலின் பெரிய போட்டியாளர் லாரி. 1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்த பிறகு, ஆலை வாசலில் ஏற்றிய சரக்கை லாரி நேரே கடை வாசலில் இறக்குகிறது. ரயிலில் அனுப்பினால் நிலையம் வரை ஒரு லாரி, இறக்கிய பின் இன்னொரு லாரி. ஒரே வகைச் சரக்கு, பெரிய அளவில், நீண்ட தூரம் போகும்போதுதான் ரயில் மலிவாகிறது.

கட்டப்பட்டு வரும் 665 கிலோமீட்டர் கிழக்குக் கரை ரயில் திட்டமும் கிள்ளான் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுவரவிருக்கிறது. அதன் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். கேடிஎம் பெட்டி அதில் ஓடாது. கொள்கலனை இறக்கி மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

முதல் பாதை இன்று இல்லை. போர்ட் வெல்ட் இப்போது கோலா செபெத்தாங். அங்கே மிஞ்சியிருக்கும் பழைய நிலையப் பலகையில், மற்ற மொழிகளோடு தமிழ் எழுத்தும் இருக்கிறது.