ஒரே நத்தார், மூன்று திறந்த கதவுகள், மூன்று மூடிய கதவுகள்: பெருந்தொற்றுக் கால விடுமுறையும் கேளிக்கைப் பூங்காக்களும்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுச் சுவரில் வரிசையாகச் சில படங்கள் தொங்குகின்றன. பரிஸில் இருக்கும் சித்தியின் குடும்பம் நத்தார் விடுமுறைக்கு டிஸ்னிலான்ட் போய் எடுத்த படங்கள். பின்னால் அதே இளஞ்சிவப்புக் கோட்டை. முன்னால் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டு போகும் பிள்ளைகள். அவர்கள் வளர்வதை அம்மா பார்த்தது அந்தப் படங்களில்தான்.

2020 டிசெம்பரில் படம் வரவில்லை. “பூட்டிப்போட்டாங்கள் பிள்ளை. ரிக்கெற் எல்லாம் எடுத்து வச்சிருந்தனாங்கள்” என்றார் சித்தி.

அதே நாட்களில் அமெரிக்காவின் புளோரிடாவில் அதே நிறுவனத்தின் பூங்காக்களில் குடும்பங்கள் வரிசையில் நின்றன. உலகில் ஆறு இடங்களில் டிஸ்னி பூங்காக்கள் இருக்கின்றன. 2020 நத்தார் அன்று புளோரிடா, டோக்கியோ, ஷங்ஹாய் ஆகிய மூன்றும் திறந்திருந்தன. கலிபோர்னியா, பரிஸ், ஹொங்கொங் ஆகிய மூன்றும் மூடியிருந்தன. பெயர் ஒன்று, கிருமியும் ஒன்று. அப்படியானால் கதவைத் திறப்பதையும் மூடுவதையும் தீர்மானித்தது எது? நாங்கள் டிஸ்னிலான்ட் போகாதவர்களாக இருக்கலாம். ஆனால் யார் கூடலாம், யார் கூடக்கூடாது என்று பெருந்தொற்றின் பெயரால் எடுக்கப்பட்ட முடிவுகளுக்குள் நாங்களும் வாழ்ந்தோம். அதனால் இந்தக் கேள்வி எங்களுக்கும் உரியது.

மூடியதும் ஒரு பெருநாளில்தான்

ஷங்ஹாய் டிஸ்னிலான்ட் 2020 ஜனவரி 25ஆம் திகதி மூடப்பட்டது. அன்று சீனப் புத்தாண்டு. ஆண்டில் அதிக வருமானம் தரும் வாரத்தின் தொடக்கத்தில் கதவு சாத்தப்பட்டது. மறுநாள் ஹொங்கொங், பெப்ரவரி 29இல் டோக்கியோ, மார்ச் நடுப்பகுதிக்குள் பரிஸ், கலிபோர்னியா, புளோரிடா. ஆறு இடங்களும் ஒரே நேரத்தில் மூடிக்கிடந்தன.

முதலில் மூடிய ஷங்ஹாயே முதலில் திறந்தது. மே 11ஆம் திகதி திறந்தபோது, வழமையாக ஒரு நாளில் 80,000 பேர் வரை கொள்ளும் பூங்காவுக்குள் 30 சதவீதத்துக்கு மேல் ஆட்களை விடக்கூடாது என்பது சீன அரசின் கட்டளை. அதாவது 24,000 பேர். நிறுவனம் அதைவிடவும் குறைவான எண்ணிக்கையோடே தொடங்கியது. டோக்கியோ ஜூலை 1இல் திறந்தது. ஹொங்கொங் ஜூன் 18இல் திறந்து, ஜூலை 15இல் மூடி, செப்டெம்பர் 25இல் மறுபடி திறந்து, நத்தார் அலங்காரங்களுக்கு நடுவே டிசெம்பர் 2இல் மீண்டும் மூடியது. அடுத்த திறப்பு 2021 பெப்ரவரி 19இல்தான்.

உள்ளே என்ன மாறியது

திறந்த பூங்காக்கள் பழைய பூங்காக்களாக இருக்கவில்லை. புளோரிடாவில் போகும் நாளை முன்கூட்டியே ஒன்லைனில் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. வாசலில் உடல் வெப்பநிலை பார்த்தார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் முகக்கவசம் கட்டாயம். வரிசைகளில் தரையில் கோடு போட்டு இடைவெளி காட்டினார்கள். பிள்ளைகள் மிக்கி மவுஸைக் கட்டிப்பிடிக்க முடியாது, தள்ளி நின்று கையசைக்கலாம். வாணவேடிக்கை இல்லை, நேரம் அறிவித்து நடக்கும் பெரிய ஊர்வலமும் இல்லை. சனம் ஓரிடத்தில் முன்கூட்டியே வந்து கூடிவிடக்கூடாது என்பதற்காக, நேரம் சொல்லாமல் சிறிய ஊர்வலங்கள் வந்து போயின. தனிக் கட்டணம் வாங்கி நடத்தும் நத்தார் இரவு விருந்து 2020இல் கைவிடப்பட்டது.

இவற்றுள் எது உண்மையில் பயன்பட்டது என்பதை இப்போது சொல்லமுடியும். கொவிட் காற்றில் பரவும் நோய். திறந்த வெளியில் ஆபத்துக் குறைவு. மூடிய மண்டபத்தில் நீண்ட வரிசை, முகக்கவசத்தைக் கழற்றிச் சாப்பிடும் உணவுக்கூடம், பூங்காவுக்கு வந்துசேரும் பஸ், இரவு தங்கும் விடுதி ஆகியவற்றில் ஆபத்து அதிகம். வெப்பநிலை பார்ப்பதால் அறிகுறி இல்லாமல் தொற்றோடு வருபவரைப் பிடிக்க முடியாது. ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்ததும் முகக்கவசமும்தான் பெரிய பாதுகாப்பு. ஆனால் எண்ணிக்கையைக் குறைத்தால் வருமானம் குறையும். புளோரிடாவில் 25 சதவீதமாக இருந்த எல்லை, நத்தார் காலத்துக்கு முன்னர், நவம்பரில் 35 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

ஒரு நிறுவனம், இரண்டு மாநிலங்கள்

புளோரிடா பூங்காக்கள் 2020 ஜூலை 11ஆம் திகதி திறக்கத் தொடங்கின. மறுநாள் அந்த மாநிலத்தில் ஒரே நாளில் 15,299 புதிய தொற்றுகள் பதிவாகின. அதுவரை அமெரிக்காவின் எந்த மாநிலமும் ஒரு நாளில் அவ்வளவு தொற்றைப் பதிவு செய்திருக்கவில்லை. ஆனாலும் பூங்கா திறந்தே இருந்தது. சுற்றுலாவில் தங்கிய அந்த மாநிலத்தின் அரசு திறப்பின் பக்கம் நின்றது.

கலிபோர்னியாவில் நடந்தது வேறு. ஜூலை 17ஆம் திகதி, தன் 65ஆவது ஆண்டு நிறைவு நாளில் திறக்க நிறுவனம் திட்டமிட்டது. அனுமதி கிடைக்கவில்லை. ஒக்ரோபரில் வெளியான மாநில அரசின் விதிப்படி, பெரிய பூங்காக்கள் அந்தந்த மாவட்டத்தில் தொற்று மிகக் குறைந்த நிலைக்கு வந்தால் மட்டுமே திறக்கலாம். நிறுவனம் வெளிப்படையாகவே எதிர்த்தது. அரசு இறங்கிவரவில்லை. 2021 ஏப்ரல் 30இல் கதவு திறந்தபோது கலிபோர்னியாவில் வசிப்பவர்கள் மட்டுமே உள்ளே போகமுடிந்தது.

இந்த இழுபறிக்கு நடுவில் நின்றவர்கள் தொழிலாளர்கள். 2020 செப்டெம்பர் 29ஆம் திகதி டிஸ்னி நிறுவனம் 28,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேர வேலையாட்கள். நவம்பரில் அந்த எண்ணிக்கை 32,000 என்று உயர்ந்தது. நத்தாருக்கு முந்திய வாரங்களில் அவர்கள் வேலையில்லாதவர்கள். மூடினால் வேலை போகும், திறந்தால் நோய் வரும் என்ற இரண்டுக்கும் நடுவே அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். புளோரிடாவில் மேடைக் கலைஞர்களின் சங்கம், தொற்றுப் பரிசோதனை வசதி இல்லாமல் வேலைக்குத் திரும்ப மறுத்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு பாடவோ ஆடவோ முடியாது என்பது அவர்களின் நியாயம். பரிசோதனை நிலையம் அமைக்க ஓகஸ்ட் மாதம் ஏற்பாடான பிறகே உடன்பாடு வந்தது. பூங்காவுக்குப் போகும் குடும்பத்தின் பாதுகாப்பு, அங்கே வேலை செய்பவரின் பாதுகாப்பிலிருந்து பிரிக்கமுடியாதது. அதைக் கேட்டு வாங்கியது ஒரு தொழிற்சங்கம்.

பரிஸும் ரொறன்ரோவும்

சித்தி குடும்பம் காத்திருந்த பரிஸ் பூங்கா ஜூலை 15இல் திறந்து, பிரான்ஸின் இரண்டாவது முடக்கத்தோடு ஒக்ரோபர் 29 இரவு மூடியது. நத்தாருக்காக டிசெம்பர் 19 முதல் ஜனவரி 3 வரை திறப்போம் என்று அறிவித்து முற்பதிவும் ஏற்றார்கள். அது நடக்கவில்லை. பிறகு பெப்ரவரி 13 என்றார்கள். பிறகு ஏப்ரல் 2. கடைசியில் திறந்தது 2021 ஜூன் 17இல்.

புலம்பெயர் தமிழர் அதிகம் வாழும் ரொறன்ரோப் பகுதியில், வோன் நகரில் இருக்கும் கனடாஸ் வொண்டர்லான்ட் 2020 முழுவதும் திறக்கவே இல்லை. 2021 ஜூலையில் பிள்ளைகள் மறுபடி உள்ளே போகும் முன்பே பெரியவர்கள் அங்கே போய்விட்டார்கள். வாகனத்தில் இருந்தபடியே கையை நீட்டித் தடுப்பூசி போட்டுக்கொள்ளும் நிலையமாக அந்த இடம் பயன்பட்டது. கலிபோர்னியா டிஸ்னிலான்டின் வாகனத் தரிப்பிடத்திலும் 2021 ஜனவரியில் தடுப்பூசி நிலையம் திறந்தது. பரிஸ் டிஸ்னிலான்டின் விடுதி மண்டபத்திலும் ஏப்ரலில் அப்படியே. பூங்காக்கள் அந்தக் காலத்தில் செய்த நல்ல காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கதவு வெளியேறவும் மூடலாம்

ஹொங்கொங்கில் இன்னொன்றும் நடந்தது. டிஸ்னிலான்டின் எதிர்கால விரிவாக்கத்துக்கு என்று ஒதுக்கியிருந்த நிலத்தில், பென்னிஸ் பே என்ற இடத்தில், அரசு தனிமைப்படுத்தல் முகாம் கட்டியது. 2020 செப்டெம்பரில், ஏறத்தாழ 60 ஹெக்டேயர் அந்த நிலத்தின் மீது நிறுவனத்துக்கு இருந்த முன்னுரிமையையும் அரசு நீடிக்கவில்லை.

ஷங்ஹாயில் 2021 ஒக்ரோபர் 31, ஹலோவீன் கொண்டாட்ட நாள். முந்திய நாள் பூங்காவுக்கு வந்துபோன ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்தது. மாலையில் வாசல்கள் மூடப்பட்டன. பரிசோதனை செய்யாமல் யாரும் வெளியேற முடியாது. வெள்ளைப் பாதுகாப்பு உடையணிந்தவர்கள் முன்னால் பெற்றோர் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க, மேலே வாணவேடிக்கை வழமைபோல நடந்தது. 33,863 பேருக்குப் பரிசோதனை. ஒருவருக்கும் தொற்று இல்லை. சரியாக ஒரு வருடம் கழித்து, 2022 ஒக்ரோபர் 31இலும் அதே பூங்காவில் வாசல் மூடப்பட்டு மக்கள் உள்ளே நிறுத்தப்பட்டார்கள்.

அந்தக் காணொளிகளைப் பார்த்தபோது எங்கள் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. 2009இல் மெனிக் பாம் முள்வேலிக்குள் இருந்தவர்களுக்கு, ‘உங்கள் நன்மைக்காகத்தான்’ என்று வாசலை அடைப்பது புதிய அனுபவம் அல்ல. இரண்டும் ஒன்றல்ல என்பது தெரியும். ஷங்ஹாயில் சில மணி நேரத்தில் பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் 2020இல் இங்கே இராணுவம் நடத்திய தனிமைப்படுத்தல் நிலையங்களில் ஒன்று வவுனியா பம்பைமடுவில் இருந்தது. போருக்குப் பின் முன்னாள் பெண் போராளிகளை வைத்திருந்த புனர்வாழ்வு நிலையமும் அதே பம்பைமடுவில்தான் இருந்தது. நோய்த்தடுப்பு அவசியமானது என்று ஏற்றுக்கொள்ளும் ஒருவருக்கும், அந்த ஊரின் பெயரைக் கேட்டால் வயிறு கலங்கும். யார் அடைக்கிறார்கள், எவ்வளவு நாளைக்கு, யாரிடம் கேள்வி கேட்கலாம் என்பவை தெரியாதபோது சுகாதார நடவடிக்கையும் தண்டனைபோலத்தான் தெரியும்.

இங்கே யார் கூடினார்கள்?

2020 நவம்பரில் வடக்கில் நினைவேந்தல்களைத் தடுக்கப் பொலிஸார் நீதிமன்றங்களுக்குப் போனபோது சொன்ன காரணங்களில் ஒன்று பெருந்தொற்று. ஒரு மாதம் கழித்து, டிசெம்பர் 28ஆம் திகதி, உக்ரேனிலிருந்து முதலாவது சுற்றுலாக் குழு மத்தள விமான நிலையத்தில் வந்திறங்கியது. விமான நிலையங்கள் வழமையான பயணிகளுக்கு இன்னும் மூடியிருந்த காலம் அது. வந்தவர்களில் சிலருக்குத் தொற்று இருந்தது. ஆனாலும் சுற்றுலா தொடர்ந்தது.

2021 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுப் பயணங்களுக்குத் தடை இருக்கவில்லை. நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம் நிரம்பி வழிந்தது. அந்த மாத முடிவுக்குள் மூன்றாவது அலை தொடங்கி, பாடசாலைகள் மூடின. மே 21 முதல் ஜூன் 21 வரை நாடு முழுவதும் பயணக்கட்டுப்பாடு. விடுமுறைக்குப் போகமுடிந்தவர்கள் போனார்கள். ஒரு மாதம் வேலையில்லாமல் அடைபட்டவர்களில் அதிகம் பேர், அந்த விடுமுறைக்கு எங்குமே போகாத நாட்கூலிக் குடும்பங்கள்.

டிஸ்னியின் ஆறு கதவுகள் காட்டுவதும் இதையே. கிருமி எவ்வளவு பரவியிருந்தது என்பது மட்டும் கதவைத் தீர்மானித்திருந்தால் 2020 ஜூலையில் புளோரிடா திறந்திருக்காது. அரசு யாருடைய இழப்பைக் கணக்கில் எடுத்தது, யாருடையதை விட்டுவிட்டது என்பதும் சேர்ந்தே தீர்மானித்தது.

அடுத்த தடவை குடும்பமாகப் புறப்படும் முன்

தொற்றுநோய்க் காலம் இன்னொன்று வரலாம். அப்போது ஓர் இடம் திறந்திருக்கிறது என்பதை மட்டும் பாதுகாப்புக்கு அத்தாட்சியாக எடுக்காதீர்கள். சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு நாளில் எத்தனை பேரை உள்ளே விடுகிறார்கள், விடுமுறை நெருங்கும்போது அந்த எண்ணிக்கையைக் கூட்டினார்களா? எவ்வளவு நேரம் மூடிய இடத்துக்குள் நிற்கவேண்டி வரும், எங்கே இருந்து சாப்பிடுவது? அங்கே வேலை செய்பவர் காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு வீட்டில் நிற்கமுடியுமா? முடியாவிட்டால் அவர் காய்ச்சலோடுதான் உங்கள் பிள்ளைக்கு ஐஸ்கிறீம் எடுத்துத் தருவார். கடைசி நேரத்தில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் காசு திரும்பக் கிடைக்குமா? கிடைக்காது என்றால், சுகமில்லாமலும் போகத்தான் மனம் சொல்லும். திரும்பி வந்ததும் அம்மம்மா, அம்மப்பாவோடு ஒரே அறையில் படுக்கவேண்டியவர்களா நீங்கள்?

இவற்றுக்குப் பதில் திருப்தியாக இல்லையென்றால், அந்த ஆண்டு கோயில் வீதியோ கடற்கரையோ போதும்.

சித்தி வீட்டார் அடுத்த படத்தை அனுப்பினார்கள். அதே இளஞ்சிவப்புக் கோட்டை. எல்லோர் முகத்திலும் கவசம். “பிள்ளையளின்ர முகமே தெரியேல்லை” என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டார். ஆனாலும் அதையும் சட்டம் போட்டு, மற்றப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார்.