இயல்பு வழி அறிவிப்பு

இயல்பு வழி அறிவிப்பு என்பது, ஒரு ஸ்தாபனத்தின் உள்வலையமைப்பு வெளியிணையத்தைத் தொடுமிடத்தில் நிற்கும் எல்லை ரூட்டர், வேறு மார்க்கம் தெரியாத பாக்கெட்டுகளையெல்லாம் தன்பால் அனுப்புமாறு உள்ளேயுள்ள ரூட்டர்களுக்குத் தெரிவிக்கும் முறையாகும். வலையமைப்புப் பணியாளர் ‘டிஃபால்ட் ரூட்’ என வழங்கும் இவ்வியல்பு வழி 0.0.0.0/0 என்று எழுதப்படும். எல்லா ஐபி முகவரிகளும் இதனுள் அடங்குமாயினும், மிக நெருங்கிப் பொருந்தும் வழிக்கே முதலிடம் என்பது ரூட்டர்களின் விதியாதலால், வேறொன்றும் பொருந்தாத சமயத்திலேயே இது பயன்படும்.

உலக இணையத்தின் வழிப்பட்டியல் ஐபி நான்காம் பதிப்பில் மட்டும் ஒன்பது இலட்சம் பதிவுகளைக் கடந்துவிட்டது. பக்கிங்காம் கால்வாய் வந்து முடியும் மரக்காணத்தில், உப்பளங்களை அடுத்த ஓர் அலுவலகமோ பள்ளியோ வைத்திருக்கும் சிறு ரூட்டர் அத்தனையையும் தாங்காது. தாங்க வேண்டிய அவசியமுமில்லை. அவ்வூர்ப் பாத்திக்குக் கடல் இருக்கும் திசை தெரிய வேண்டுவதில்லை, வரப்பை ஒட்டிய வாய்க்கால் தெரிந்தால் போதும் என்பதைப் போன்றதே இது. சென்னையில் கரையேறும் கேபிள்களுள், 2002-இல் சிங்கப்பூருடன் இணைத்த ஐ2ஐ வழியே போவதா, மற்றொன்றின் வழியே போவதா என்ற ஆராய்ச்சி, பிஜிபி நெறிமுறை பேசும் பெரிய நிறுவனங்களின் ரூட்டர்களுக்கே உரியது.

இவ்வறிவிப்பை ரூட்டருக்கு ரூட்டர் கொண்டுசெல்வதும், உள்வலையமைப்புகளில் பெரிதும் வழங்குவதுமான ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை 1989-இல் முதன்முதலாக வெளியாயிற்று. இன்று ஐபி நான்காம் பதிப்பிற்கு வழங்கும் அதன் இரண்டாம் பதிப்பு 1998-இல் ஆர்எஃப்சி 2328 ஆக வகுக்கப்பட்டது. சிஸ்கோ ரூட்டரில், சேவை நிறுவனத்தை நோக்கிய இயல்பு வழியை முதலில் ஸ்டாடிக்காக, அதாவது கைப்பட, எழுதிவிட்டு, பின்னர் ஓஎஸ்பிஎஃப் பகுதிக்குள் ‘டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்’ என்ற கட்டளையை இடுவது வழக்கம். ‘ரீடிஸ்ட்ரிபியூட் ஸ்டாடிக்’ என்பது மட்டுமே போதுமென்று எண்ணுவோர் உண்டு. அக்கட்டளை மற்ற ஸ்டாடிக் வழிகளைக் கொண்டுசெல்லுமே தவிர, இயல்பு வழியைக் கொண்டுசெல்லாது.

‘டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்’ கட்டளையில் ஒரு நிபந்தனை அடங்கியுள்ளது: எல்லை ரூட்டரின் சொந்தப் பட்டியலில் இயல்பு வழி இருக்கும்வரையில்தான் அது பிறருக்கு அறிவிக்கப்படும். ‘ஆல்வேஸ்’ என்ற சொல்லைச் சேர்த்தாலோ, பட்டியலில் வழி இருப்பினும் இல்லாவிடினும் அறிவிப்பு ஓயாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் வந்து மோதிய, மரக்காணம் அமைந்த இக்கரையில், ஃபைபர் அறுவதும் மின்சாரம் நிற்பதும் எதிர்பார்க்க வேண்டியவையே. அவ்வாறு வெளிச்செல்லும் வழி அற்றுப்போன ரூட்டர், தன்னிடம் வழியுண்டு என்று சாதித்துக்கொண்டிருந்தால், உள்ளிருந்து வரும் பாக்கெட்டுகளெல்லாம் அதனிடம் வந்து மடியும். இரண்டாவது வெளிவாயில் இருந்தும் அது பயனற்றுப்போகும். ஆகையால் ‘ஆல்வேஸ்’ சேர்ப்பதைத் தக்க காரணமின்றிச் செய்யலாகாது என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

நிபந்தனையோடு அறிவிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஈதர்நெட் இணைப்பில், அருகிலுள்ள மோடம் விழித்திருக்குமளவும் போர்ட்டின் விளக்கு எரியும். அப்பால் நான்கு மைலில் கேபிள் அறுந்திருந்தாலும் ஸ்டாடிக் வழி பட்டியலை விட்டு நீங்காது. தொலைவிலுள்ள முகவரியொன்றை இடைவிடாது பிங் செய்து, பதில் நின்றவுடன் வழியை நீக்கும் கண்காணிப்பை அமைப்பதோ, சேவை நிறுவனத்திடமிருந்தே பிஜிபி வாயிலாக இயல்பு வழியைப் பெறுவதோ இதற்குப் பரிகாரம்.

வெளிவாயில்கள் இரண்டானால், மெட்ரிக் என்னும் செலவெண்ணால் அவற்றின் முதன்மை தீரும். உட்செலவைக் கூட்டாது இயல்பாக வரும் இ2 வகை அறிவிப்பில், 10 என அறிவித்த வாயிலையே யாவரும் நாடுவர். 100 என அறிவித்தது காத்திருக்கும். அவரவருக்கு அண்மையான வாயில் வேண்டுமெனின், இரண்டிற்கும் ஒரே எண்ணிட்டு, உட்செலவையும் கூட்டிப் பார்க்கும் இ1 வகையைக் கொள்வது தகும்.

இயல்பு வழியால் விளையும் தொல்லை ஒன்றும் உண்டு: சேவை நிறுவனம் கொடுத்த பொதுமுகவரித் தொகுதியில் பயன்படாது கிடக்கும் முகவரிகளைத் தேடி வரும் பாக்கெட்டுகளை எல்லை ரூட்டர் தன் இயல்பு வழியைப் பின்பற்றித் திரும்ப அந்நிறுவனத்திற்கே அனுப்ப, அது மீண்டும் இங்கே தள்ள, டிடிஎல் என்னும் ஆயுள் எண் தீருமட்டும் அவை இடையில் அலைந்துகொண்டிருக்கும். முழுத் தொகுதிக்கும் ‘நல்’ (null) வழியொன்று எழுதிவிட்டால் அவை எல்லையிலேயே கைவிடப்படும்.