ரோசெட்டாவின் அலாரம்

பிரெஞ்சுப் பள்ளியில் அலாரம் கடிகாரத்தை 'ரெவேய்' என்று படித்தோம். விழிப்பு என்பதற்கும் அதே சொல்தான். பரீட்சைக்கு முதல் நாள் இரவு அதற்குச் சாவி கொடுத்துவிட்டுப் படுப்பேன். அடிக்குமா, அடிக்காதா என்ற கவலையிலேயே பாதித் தூக்கம் போய்விடும். ஐரோப்பிய விஞ்ஞானிகள் அதே கவலையை 31 மாதங்கள் சுமந்த கதை ஒன்று உண்டு.

2004 மார்ச் 2 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்திலிருந்து ரோசெட்டா என்ற விண்கலம் ஒரு வால்மீனை நோக்கிப் புறப்பட்டது. எகிப்திய எழுத்தின் புதிரை 1822இல் ஷம்போலியோன் அவிழ்க்க உதவிய கல்லின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள்.

அதற்கு மின்சாரம் சூரிய ஒளியிலிருந்துதான். பயணத்தின் ஒரு கட்டத்தில் கலம் சூரியனிலிருந்து ஏறத்தாழ 80 கோடி கிலோமீட்டர் விலகிப் போக வேண்டியிருந்தது. அங்கே கிடைக்கும் வெளிச்சம் போதாது. ஆகவே 2011 ஜூன் 8 அன்று அதைத் தூங்க வைத்தார்கள். கணினியும், கலம் உறைந்துவிடாமல் காக்கும் சில ஹீட்டர்களும் தவிர ஏறக்குறைய எல்லாம் நிறுத்தப்பட்டன. ஊரே உறங்கும்போது அலுவலக வாசலில் ஒரு காவலர் மட்டும் விழித்திருப்பாரே, அதுபோல உள்ளே ஒரு கடிகாரம் மட்டும் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தது. குறித்த எண்ணிக்கை வந்ததும் அது கணினியைத் தட்டி எழுப்ப வேண்டும். இன்று சின்ன பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓடும் கருவிகளில் உள்ள சில்லுகளும் இப்படித்தான் தூங்கி விழிக்கின்றன.

2014 ஜனவரி 20, நம் நேரப்படி பிற்பகல் 3.30க்கு அலாரம். எழுந்த கலம் முதலில் நட்சத்திரங்களைப் பார்த்துத் திசையறியும் கருவிகளைச் சூடாக்க வேண்டும். பிறகு தன் சுழற்சியை நிறுத்தி, ஆன்டெனாவைப் பூமி பக்கம் திருப்ப வேண்டும். அதற்கே பல மணி நேரம். அங்கிருந்து வானொலி அலை வந்து சேர இன்னும் 45 நிமிடம்.

இரவு 11க்கும் 12க்கும் இடையில் குரல் கேட்க வேண்டும். ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் கட்டுப்பாட்டு அறையில் எல்லார் கண்ணும் திரைமேல். 11.15, 11.30, 11.45... ஒன்றும் இல்லை. பல ஆண்டு உழைப்பு அந்த ஒரு மணி நேரத்தில் தொங்கியது. 11.48க்குத் திரையில் ஒரு கோடு மேலெழுந்தது. வயது வந்தவர்கள் குழந்தைகள்போலத் துள்ளினார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 6இல் ரோசெட்டா வால்மீனை அடைந்தது. நவம்பர் 12இல் அதனுடன் சென்ற ஃபிலே என்ற சிறு கலம் வால்மீன்மேல் இறங்கியது. 957 நாள் கழித்தும் அந்த 'ரெவேய்' தன் வேலையைத் தவறாமல் செய்ததால்தான் இத்தனையும் நடந்தது.