டி.ஈ.ஏ. என்றொரு படிப்பு இருந்தது

எங்கட ஆக்களிடம் "பெடியன் கொம்பியூட்டர் படிக்கிறான்" என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். படிப்பு முடிந்ததும் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு லா டிஃபோன்ஸ் பக்கம் வேலைக்குப் போவான். தாய் தகப்பன் வீடு வாங்குவினம்.

அதே கொம்பியூட்டர் படிப்புக்குள் பிரான்சில் இன்னொரு பாதையும் இருக்கிறது. அது கலாநிதிப் பட்டத்துக்கு ஆளைத் தயார்படுத்துகிற ஆராய்ச்சி மாஸ்டர். என்னோடு குசினியில் நிற்கிற அண்ணை ஒருவரின் மகன் இப்ப அதன் வாசலில் நிற்கிறான். "தம்பி, நாலு வருசம் படிச்சுப்போட்டான். இனி ஆராய்ச்சிக்கெண்டு ஒரு வருசமாம், அதுக்குப் பிறகு இன்னும் மூண்டு வருசமாம். நான் எப்பதான் இந்தக் கோப்பை கழுவுறதை விடுறது?" என்று கேட்டார். 2006இல் ஏ9 பாதை பூட்டினதோடு, இரண்டாம் வருடத்தில் பல்கலைக்கழகத்தை விட்டு வந்தவன் நான். ஆனாலும் அண்ணைக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

பிரெஞ்சுக்காரர் கொம்பியூட்டர் துறைக்குத் தங்களுக்கென்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 'அன்ஃபோர்மத்திக்' என்ற அந்தச் சொல்லை 1962இல் பிலிப் திரைஃபுஸ் என்பவர் உருவாக்கினார். இதிலும் அமெரிக்காவை நம்பியிருக்கக் கூடாது என்று 1966இல் து கோல் அரசு 'பிளான் கல்குல்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த வருடமே வெர்சாய்க்குப் பக்கத்தில் ரொக்கான்கூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்தது. இன்றைய இன்ரியா அதிலிருந்து வளர்ந்ததுதான்.

நிலையம் கட்டினால் போதுமா, ஆராய்ச்சி செய்ய ஆள் வேண்டாமா? அந்த ஆட்களைப் பிரித்தெடுத்த சல்லடைதான் டி.ஈ.ஏ. 'ஆழ்ந்த கல்விக்கான டிப்ளோமா' என்று தமிழில் சொல்லலாம். பக் முடித்து ஐந்தாம் வருடம் படிப்பது. அரைவாசி வருடம் வகுப்பு, மிச்சம் ஆய்வுகூடத்தில் ஒருவருக்குக் கீழே வேலை, கடைசியில் ஓர் ஆய்வறிக்கை. அதில் எந்த இடம் எடுத்தாய் என்பதைப் பார்த்துத்தான் பெரும்பாலும் கலாநிதிப் படிப்புக்கு உதவிப்பணம் கிடைத்தது. 1984 வரைக்கும் அதற்குப் பிறகு இரண்டு விதக் கலாநிதிப் பட்டங்கள் இருந்தன. பெரியதை முடிக்கப் பத்து வருடம் இழுபட்டவர்களும் உண்டு. 1984 சட்டத்தோடு அது ஒன்றாகியது, ஏறக்குறைய மூன்று வருடம் என்றாகியது.

பிறகு ஐரோப்பா முழுவதும் ஒரே அளவுகோல் வேண்டும் என்றார்கள். 1998இல் சொர்போனில் நாலு நாடுகள், 1999இல் பொலோன்யாவில் 29 நாடுகள் கையெழுத்து வைத்தன. மூன்று வருடம் லிசான்ஸ், இன்னும் இரண்டு வருடம் மாஸ்டர், அதன்பின் மூன்று வருடம் கலாநிதி. பிரான்சில் 2002இல் ஆணை வந்தது. டி.ஈ.ஏ. மாஸ்டரின் இரண்டாம் வருடத்துக்குள் கரைந்துபோனது.

பாரிஸில் அல்கொரிதத்துக்கு ஒன்று, புரோகிராமிங்குக்கு ஒன்று என்று தனித்தனி டி.ஈ.ஏ.க்கள் இருந்தன. 2004இல் பாரிஸ் 7, எக்கோல் நோர்மால், கஷான் நோர்மால், பொலிடெக்னிக் எல்லாம் சேர்ந்து ஒரே ஆராய்ச்சி மாஸ்டரைத் தொடங்கின. எம்.பி.ஆர்.ஐ. என்பார்கள். (பாரிஸ் 7 இப்ப பாரிஸ் சித்தே, கஷான் இப்ப பாரிஸ் சக்லே. இந்த நாட்டில் பல்கலைக்கழகங்கள் பெயர் மாற்றுகிற வேகத்துக்கு எங்கட இயக்கங்களும் தோற்றுப்போகும்.) பழைய டி.ஈ.ஏ.யின் எலும்புக்கூடு அதற்குள் அப்படியே இருக்கிறது. இரண்டாம் வருடம் செப்டெம்பரில் வகுப்பு தொடங்கும், மார்ச்சில் ஆய்வுகூடத்துக்குப் போகவேணும்.

இவர்கள் அப்படி என்னத்தைத்தான் ஆராய்கிறார்கள்? 1996இல் ஆரியான் 5 ரொக்கெட் கிளம்பி ஒரு நிமிடம் ஆகுமுன்னம் வெடித்தது. பெரிய எண் ஒன்றைச் சின்ன இடத்துக்குள் அடக்கப் பார்த்த ஒரு புரோகிராம் பிழைதான் காரணம். இப்படிப் பிழை இல்லை என்று ஓட்டிப் பார்க்காமலே கணிதத்தால் நிரூபிக்க முடியுமா? முடியும் என்கிற வழியைப் பற்றிக் கூசோ தம்பதியினர் 1977இலேயே எழுதியிருந்தார்கள். அந்த வழியில் நோர்மாலில் செய்த அஸ்த்ரே என்ற கருவி, 2003இல் ஏர்பஸ் ஏ340இன் பறப்புக் கட்டுப்பாட்டுப் புரோகிராமில் அந்த வகைப் பிழை கிடையாது என்று காட்டியது. 132,000 வரிகள்! நாங்கள் ஏறுகிற சாரதி இல்லாத 14ஆம் இலக்க மெத்ரோ 1998இல் ஓடத் தொடங்கியது. அதன் பாதுகாப்புப் புரோகிராமும் கணித நிரூபணத்தோடு எழுதப்பட்டதுதான். எம்.பி.ஆர்.ஐ.யில் இந்தத் துறைக்கென்றே பாடங்கள் இருக்கின்றன.

சரி, அண்ணையின் காசுக் கணக்கு. அவருக்கு யாரும் சொல்லாத விசயம், கலாநிதிப் படிப்பு இங்கே சம்பள வேலை. 2009இலிருந்து 'கொன்த்ரா தொக்தொரால்' என்று மூன்று வருட ஒப்பந்தம் இருக்கிறது. 2025இல் அதன் ஆகக்குறைந்த சம்பளம் கழிவுக்கு முன் மாதம் 2200 யூரோ. அதே வருடத் தொடக்கத்தில் ஸ்மிக் 1801. "அப்ப என்னைவிடக் கூடவோ?" என்றார் அண்ணை. மாஸ்டர் முடித்த எல்லாருக்கும் அது கிடைக்காது, போட்டி இருக்கிறது. கலாநிதி முடித்தபின் நிரந்தர இடங்களும் குறைவு. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

எனக்கு இதில் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. 2019இல் மாஸ்டருக்கு வருடப் பதிவுக் கட்டணம் 243 யூரோ. அந்த வருடம் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிற மாணவருக்கு அதை 3770 ஆக்கினார்கள். அகதி அந்தஸ்து உள்ளவர்களுக்கு இது இல்லை, ஆகவே எங்கட பிள்ளைகளைத் தொடாது. யாழ்ப்பாணத்திலிருந்து நேராக வருகிற கெட்டிக்காரப் பிள்ளையைத் தொடும். கட்டணத்தை விலக்கிவிடுகிற பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன, கணித, கணினி மாஸ்டருக்கென்று புலமைப்பரிசில்களும் இருக்கின்றன, அதெல்லாம் தெரிந்தவனுக்குத்தான். கலாநிதிப் படிப்பில் மட்டும் இந்தப் பிரிவினையைக் கொண்டுவரவில்லை. 2019இல் அங்கே எல்லாருக்கும் 380 யூரோதான். ஆனால் அந்த வாசலுக்குப் போக முதலில் மாஸ்டரைக் கடக்க வேணும்.