பேராயருக்கு முன்பே வந்த கமிட்டி

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச்சுக்குள் இரண்டு வேலைகள் நடக்கும். வாசலில் ஆயர் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து அனுப்புவார். உள்ளே, பீடத்துக்குப் பக்கத்துச் சின்ன அறையில், நாலைந்து பேர் காணிக்கைப் பையைக் கவிழ்த்து நோட்டு தனி, சில்லறை தனி என்று பிரித்து எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் பேங்க் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவராக இருப்பார், ஒருவர் ஸ்கூல் டீச்சர், ஒருவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். யாருக்கும் இதற்குச் சம்பளம் கிடையாது. எண்ணி முடித்து, நோட்டில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவார்கள். அந்த அறைக்குப் பெயர் வெஸ்ட்ரி.

அந்தப் பெயருக்குள் ஒரு நீண்ட கதை இருக்கிறது. வெஸ்ட்ரி என்றால் குருமாரின் அங்கிகளை வைக்கும் அறை. இங்கிலாந்தில் சர்ச் விஷயங்களைப் பேச ஊரார் அந்த அறையில்தான் கூடினார்கள். நாளாக ஆக, அறையின் பெயர் கூட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தக் கூட்டம் கூரை ஒழுகுவதைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஏழைகளுக்குப் படியளப்பது, ரோடு போடுவது, அதற்கு வரி வசூலிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. 1894இல் வந்த உள்ளாட்சிச் சட்டம்தான் மிச்சமிருந்த ஊர் வேலைகளைப் பிரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட தனி மன்றங்களுக்குக் கொடுத்தது. நம்மூர்க் கணக்கில் சொன்னால், கோயில் கமிட்டியும் ஊர்ப் பஞ்சாயத்தும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம் அது.

கோயம்புத்தூர்ச் சர்ச்சுகளில் இன்று அறைக்கு மட்டும்தான் அந்தப் பெயர். கூட்டத்தை பாஸ்டரேட் கமிட்டி என்கிறார்கள், சில இடங்களில் சேகரக் கமிட்டி. பேராயர் தலைமையில் இயங்கும் ஒரு திருச்சபையில், ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சாதாரண ஜனங்களின் கமிட்டி எப்படி இவ்வளவு உறுதியாக உட்கார்ந்தது? கொங்கு நாட்டைப் பொறுத்தவரை பதில் சுருக்கமானது. கமிட்டி முதலில் வந்தது, பேராயர் அப்புறம்தான் வந்தார்.

லண்டன் மிஷன் கொண்டுவராத ஒன்று

1830இல் டபிள்யூ. பி. ஆடிஸ் என்ற மிஷனரி கோயம்புத்தூருக்கு வந்தார். லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்தவர். ஏறத்தாழ முப்பது வருஷம் இங்கே வேலை செய்தார். ஒப்பணக்கார வீதியில் இன்று நிற்கும் இம்மானுவேல் ஆலயத்தின் வேர் அந்த மிஷனில் இருக்கிறது. சேலத்தில் அதற்குச் சில வருஷம் முன்பே லண்டன் மிஷன் வேலை தொடங்கிவிட்டது. ஈரோடு பிற்பாடு பெரிய மையமானது. ஆக, இன்றைய கொங்குப் புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பகுதி இந்த ஒரே விதையிலிருந்து முளைத்தது.

இந்தச் சங்கத்தின் விசேஷம், அது 1796இல் எழுதிவைத்துக்கொண்ட ஒரு கொள்கை. சபையை யார் ஆள்வது, பேராயரா, மூப்பர்களா, சபையார் தாங்களேயா என்பதில் எந்த முறையையும் நாங்கள் சுமந்துகொண்டு போகமாட்டோம். நற்செய்தியை மட்டும் கொண்டுபோவோம். எந்த முறை சரி என்பதை அந்தந்த ஊர் விசுவாசிகளே தீர்மானித்துக்கொள்ளட்டும். ஒரு பிரிட்டிஷ் அமைப்பு தன் வழக்கங்களை மற்றவர் தலையில் கட்டமாட்டேன் என்று அந்தக் காலத்தில் எழுதிவைத்தது ஆச்சரியமான விஷயம்தான்.

தாளில் இருப்பதும் தரையில் நடப்பதும் ஒன்றல்ல. லண்டன் மிஷனுக்கு ஆட்களைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் பிரிவினர். சபையார் கூட்டமே சபைக்குக் கடைசி அதிகாரம் என்பது அவர்கள் வழி. சபைக்குள்ளிருந்து டீக்கன்களைத் தேர்ந்தெடுத்துப் பணத்தையும் தர்மத்தையும் அவர்கள் கையில் கொடுப்பார்கள். இங்கேயோ பணம் லண்டனிலிருந்து வந்தது. உபதேசியார் சம்பளம், பள்ளிக்கூடம், ஆலயக் கட்டடம் எல்லாம் அந்தப் பணத்தில் நின்றன. பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் அதிகாரமும் இருக்கும். கூட்டம் கூடினாலும் மிஷனரி துரை சொன்னதே நடந்தது.

இதை மாற்றியது கைப்பிடி அரிசியும் சந்தாவும். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுச் சேர்த்துச் சபைக்குக் கொண்டுவருவது தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்ட் பெண்களின் பழைய வழக்கம். அறுப்பின் பண்டிகையில் முதல் தேங்காயும் முதல் பூசணிக்காயும் பீடத்தின் முன் வரும். பிறகு வெளியே ஏலம் போகும். ஒரு வாழைத்தார் சந்தை விலையைப் போல நாலு மடங்குக்குப் போனால் எல்லாரும் கைதட்டுவார்கள். கொங்கு ஊர்களில் மாரியம்மன் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி போடுவதைப் பார்த்தவர்களுக்குச் சபைச் சந்தாவின் தர்க்கத்தை விளக்க வேண்டியதில்லை. வரி கொடுத்த வீட்டுக்குத்தான் கூட்டத்தில் பேச்சு. சபைக்காரர்கள் அதையே செய்தார்கள். ஆயரின் சம்பளம் தங்கள் காசில் நிற்க ஆரம்பித்ததும், கணக்குக் கேட்கும் உரிமையும் தானாக வந்தது.

ஓட்டுரிமை எங்கே முதலில் வந்தது

1908இல் லண்டன் மிஷன் சபைகளும், மதுரை அமெரிக்கன் மிஷன் சபைகளும், பிரஸ்பிட்டேரியன் சபைகளும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை உருவானது. அதில் பேராயர் கிடையாது. பிராந்தியவாரியாகச் சர்ச் கவுன்சில்கள் இருந்தன. கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் சபைகள் வட தமிழ் சர்ச் கவுன்சில் என்ற பெயரில் இயங்கின. சபைகள் ஆள் அனுப்பும், அவர்கள் கூடி முடிவெடுப்பார்கள்.

இதன் எடை தெரிய வேண்டுமானால் வெளியே என்ன நிலைமை என்று பார்க்க வேண்டும். 1919 சட்டத்தின்படி நடந்த சென்னை மாகாணத் தேர்தல்களில் சொத்தோ வரியோ இருந்தவர்களுக்குத்தான் முக்கியமாக ஓட்டு. எல்லா வயதுவந்தோருக்கும் ஓட்டு என்பது 1950இல் அரசியலமைப்போடு வந்தது. ஈரோட்டைச் சுற்றியுள்ள கிராமச் சபைகளில் நிறையப் பேர் தலித் மக்கள். ஊர்க்கூட்டம் நடந்தால் ஓரமாக நின்று முடிவைக் கேட்டுக்கொண்டு போக வேண்டியவர்கள். அப்படிப்பட்ட ஒருவர் சபைக் கூட்டத்தில் உட்கார்ந்து, கை தூக்கி, தீர்மானத்தை வழிமொழிகிறேன் என்று சொல்லி, அது மினிட்ஸ் புக்கில் அவர் பெயரோடு ஏறுவது சின்ன விஷயமில்லை. கூட்டத்துக்கு அஜெண்டா உண்டு, கோரம் உண்டு, போன கூட்ட நடவடிக்கையை வாசித்து உறுதி செய்ய வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் பழகியது அங்கேதான்.

மூன்று வருஷத் தயக்கம்

1919 மே மாதம் தரங்கம்பாடியில் முப்பத்துச் சொச்சம் பேர் கூடினார்கள். முன்னின்றவர்கள் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிகன் பேராயரான வி. எஸ். அசரியாவும், ஐக்கிய சபையின் வேதநாயகம் சந்தியாகுவும். வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டுச் சண்டையில் பிரிந்த பிரிவுகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் கூட்டத்தின் சாரம். அங்கே தொடங்கிய பேச்சுவார்த்தை இருபத்தெட்டு வருஷம் இழுத்தது. பெரிய முட்டுக்கட்டைகளில் ஒன்று பேராயர் பதவி. ஆங்கிலிகன்களுக்குப் பேராயர் இல்லாமல் திருச்சபையே இல்லை. ஐக்கிய சபைக்காரர்களுக்கோ, கூட்டத்தில் தீர்மானித்ததை ஒருவர் மேலே உட்கார்ந்து மாற்றிவிடுவாரோ என்ற பயம்.

கடைசியில் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. சுதந்திரம் வந்து ஆறு வாரம்கூட முழுசாக ஆகியிருந்தது, அவ்வளவுதான். உலகம் முழுக்க அதைக் கொண்டாடினார்கள். வட தமிழ் சர்ச் கவுன்சில் அன்று சேரவில்லை. கொங்குச் சபைகள் மூன்று வருஷம் வெளியே நின்று, 1950இல்தான் உள்ளே வந்தன. அவை வந்ததும் கோயம்புத்தூர்த் திருமண்டலம் உருவானது. முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி. பாளையங்கோட்டையில் பிறந்தவர், ஆங்கிலிகன் குருவாக இருந்தவர், பக்தி மார்க்கத்தின் வழியே கிறிஸ்தவத்தைப் புரிந்துகொள்ள முயன்று ஆங்கிலத்தில் முக்கியமான நூல்கள் எழுதியவர். நூற்றிருபது வருஷம் பேராயர் இல்லாமல் ஓடிய சபைகளுக்குப் பக்தி மரபு படித்த ஒரு பேராயர் வந்தார்.

இதே திருமண்டலத்தின் கீழ் நேரெதிரான மரபும் வந்து சேர்ந்தது. ரேஸ் கோர்ஸில் இருக்கும் ஆல் சோல்ஸ் சர்ச், 1872இல் வெள்ளைக்கார அதிகாரிகளின் வழிபாட்டுக்காக எழும்பியது. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் கவர்னர் லஷிங்டன் காலத்தில் கட்டியது. 1831 ஈஸ்டரில் திறந்தார்கள். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை. அந்த உலகத்தில் குருவானவருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்த காலம் உண்டு. அங்கே கைப்பிடி அரிசிக்கு அவசியமே இருந்திருக்காது. இன்று இரண்டு வகை ஆலயங்களும் ஒரே பேராயரின் கீழ், ஒரே விதிகளின்படி கமிட்டி தேர்ந்தெடுக்கின்றன.

இதற்கு உலகத்தில் ஒரு ஜோடி உண்டு. அமெரிக்கக் காலனிகளில் ஆங்கிலிகன் சர்ச்சுகள் இருந்தும், 1784இல் சாமுவேல் சீபரி அபிஷேகம் பெறும்வரை பேராயர் கிடையாது. வெஸ்ட்ரிகள்தான் எல்லாம். ஜார்ஜ் வாஷிங்டனே ஒரு வெஸ்ட்ரி உறுப்பினர். பேராயர் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இன்றும் அமெரிக்க எபிஸ்கோபல் சர்ச்சுகளில் தங்கள் குருவைத் தேடித் தேர்ந்தெடுப்பது வெஸ்ட்ரியின் வேலை. ஆனால் வர்ஜீனியாவின் வெஸ்ட்ரி, அடிமைகளை வைத்திருந்த பண்ணையார்களின் கூட்டம். தங்களுக்குள்ளேயே இடத்தை நிரப்பிக்கொண்டவர்கள். கொங்குச் சபைக் கமிட்டியில் பண்ணையாளாக இருந்தவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்.

பொறுப்பு உண்டு, பட்டா இல்லை

சி.எஸ்.ஐ. அமைப்பு இரண்டு மரபையும் முடிச்சுப் போட்ட விதம் கவனிக்க வேண்டியது. ஆயரை அனுப்புவதும் மாற்றுவதும் பேராயர் கையில். ஆயர்தான் கமிட்டிக்குத் தலைவர். ஆனால் செயலாளரும் பொருளாளரும் சபையாரிலிருந்து வருகிறார்கள். ஆயர் சில வருஷத்தில் மாறிப்போவார், கமிட்டிக்காரர் அதே தெருவில்தான் இருப்பார். கூரையில் எந்த ஓடு ஒழுகும், கல்லறைத் தோட்டத்தில் யார் பாட்டி எங்கே இருக்கிறார், எந்த வீட்டில் மூணு மாசமாகச் சந்தா வரவில்லை, ஏன் வரவில்லை, அதைக் கேட்கலாமா கூடாதா என்பதெல்லாம் இவர்கள் தலைக்குள் இருக்கும் ஞானம். கேரல் ரவுண்ட்ஸுக்கு வேன் பிடிப்பது, விருந்துக்குச் சமையல்காரரிடம் பேசுவது, ஓய்வுநாள் பள்ளிக்கு டீச்சர் தேடுவது என்று பட்டியல் முடியாது. பெண்கள் ஐக்கிய சங்கம் தனியாக ஒரு அரசாங்கமே நடத்தும்.

சொத்து மட்டும் இவர்கள் பெயரில் இல்லை. 1947இல் திருச்சபையோடு சேர்ந்தே சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் என்ற கம்பெனி பதிவானது. நிலமும் கட்டடமும் அதன் வசம். கமிட்டி ஆலயத்துக்கு வெள்ளையடிக்கலாம். ஒரு சென்ட் நிலத்தைத் தானாக விற்க முடியாது. ஐடி வேலையில் இருக்கும் எனக்கு இது ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் மாதிரித் தெரியும். ராத்திரி கண்விழித்துப் பராமரிப்பவர்கள் தன்னார்வலர்கள், கடைசிச் சாவி வேறெங்கோ. பராமரிப்பவர்கள் களைத்து விலகினால் சாவி வைத்திருப்பவருக்கு அது உடனே தெரியாது. எல்லாம் உடைந்த பிறகுதான் தெரியும்.

இந்த ஏற்பாட்டின் ஆபத்தும் இங்கேதான். கமிட்டியிலிருந்து திருமண்டலக் கவுன்சில், அங்கிருந்து பேரவை என்று ஏணி போகிறது. மேலே பள்ளிகள், கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள், நகரத்தின் நடுவே நிலம். வெஸ்ட்ரியில் சில்லறை எண்ணுவதற்கு யாரும் போட்டி போடமாட்டார்கள். கவுன்சிலுக்குப் போகும் ஓட்டுக்காகப் போட்டி போடுவார்கள். அப்போது பேனல் வரும், சாதிக் கணக்கு வரும், சந்தா பாக்கியைக் கடைசி வாரத்தில் மொத்தமாகக் கட்டி ஓட்டர் லிஸ்டை நிரப்பும் வித்தைகளும் வரும். சண்டை மேலே போய்ப் பேரவைத் தேர்தல் வழக்கானது. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் பேரவை நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமிக்கும் அளவுக்குப் போனது. தன்னைத் தானே ஆண்டுகொள்ளலாம் என்று எழுதிவைத்த ஒரு மரபின் வாரிசுகளுக்கு அது வலிக்க வேண்டிய செய்தி.

இதைப் பார்த்துவிட்டு நண்பர்கள் சிலர், எலெக்ஷனே வேண்டாம், பேராயரே நல்ல ஆட்களை நியமித்துவிடட்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல ஆளாகப் பார்த்து நியமிக்கும் துரையை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். அவருக்கு மேலே கணக்குக் கேட்க யாரும் இருக்கவில்லை. கெட்டுப்போன தேர்தலில்கூட, அடுத்த முறை தோற்கடிக்கலாம் என்ற ஒரு நூல் மிச்சமிருக்கிறது. அந்த நூலைப் பிடிக்க ஆள் வேண்டும். பிரச்சினை என்னவென்றால், என் வயதுக்காரர்கள் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறோம், கிடார் வாசிக்கிறோம், லைவ் ஸ்ட்ரீம் போடுகிறோம். வருடாந்தரப் பொதுக்கூட்டம் என்று அறிவித்தால் பைக் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் ஒரு விஷயம் காதில் விழும். பொருளாளர் வரவு செலவை வாசித்துக்கொண்டே போவார். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, "ஏனுங், ஜெனரேட்டர் டீசலுக்குப் போன வருசத்த விட இத்தனை ஏறியிருக்குதே, கரண்டு அவ்வளவா போச்சுங்க?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். பொருளாளர் சிரிக்கமாட்டார். பில் ஃபைலைத் திறந்து தேட ஆரம்பிப்பார்.