‘கொலையாகாத மரணம்’ என்றொரு பெயர்

நீதிமன்ற வராந்தாவில் ஒரு தாய் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் மகன் ஒரு கைகலப்பில் அடிபட்டு இறந்தவன். கொலை வழக்காகத் தொடங்கியது, ‘கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம்’ என்று தீர்ப்பானது. வக்கீல் குமாஸ்தா அதைப் படித்துச் சொன்னதும் அந்த அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றியபடி கேட்டார்: “அப்ப எம்புள்ளைய யாரும் கொல்லலைன்னு எழுதிட்டாங்களாய்யா?”

“அப்படியில்லம்மா, பிரிவு மாறியிருக்கு” என்றார் குமாஸ்தா. அந்தப் பதில் அந்த அம்மாவுக்கு எட்டவில்லை. எட்டாததற்கு அவர் படிப்பறிவைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெயரே அப்படி.

‘கொல்’ நம் மொழியின் ஆதி வினைகளுள் ஒன்று. மலையாளத்தில் கொல்லுக, கன்னடத்தில் கொல்லு. பெயராக்கினால் அங்கே கொல, கொலெ, இங்கே கொலை. தெலுங்கர் வேறு வழி போனார்கள். ‘சச்சு’ என்றால் சாவது, ‘சம்பு’ என்றால் சாகச் செய்வது. நம் ‘சா’வின் குடும்பம் அது. பேச்சுத் தமிழின் ‘சாகடி’யும் இப்படிப் பிறந்ததுதான். சங்க நூல்களில் ஐயத்தைக் குறிக்கும் ‘கொல்’ என்ற இடைச்சொல் ஒன்று உண்டு. ஒலி ஒன்றே தவிர, இந்த வினையோடு அதற்கு உறவு இல்லை. ஆனாலும் கொலை வழக்குத் தீர்ப்புகளைப் படிக்கும்போது அந்த ஐயக் ‘கொல்’ என் நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

பழந்தமிழில் கொலை மிகப் பரந்த சொல். ஆட்டை அறுப்பதும் கொலைதான், போரில் வீழ்த்துவதும் கொலைதான். திருக்குறளின் கொல்லாமை அதிகாரம் எல்லா உயிருக்கும் பொருந்தப் பேசுகிறது. கோவலன் அரசாணைப்படி வெட்டப்படும் பகுதிக்குச் சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதை என்று பெயர். அரசன் சொல்லிச் செய்தாலும் அதற்குப் பெயர் கொலை. செய்தவன் யார், என்ன நினைத்துச் செய்தான் என்பதையெல்லாம் அந்தச் சொல் கேட்கவில்லை. ஓர் உயிர் இன்னொரு கையால் போயிற்று என்பதை மட்டும் சொன்னது. அதைப் பாவமாக நிறுத்த வேண்டியபோது வடமொழிப் பாதகத்தைச் சேர்த்துக் ‘கொலைபாதகம்’ என்றார்கள். மலையாளத்தில் இன்று அதுவே சட்டச் சொல்: கொலபாதகம். நம்மிடம் ‘கொலைபாதகா’ என்பது வயிறெரிந்து விடும் சாபமாக நின்றுவிட்டது.

இந்தப் பரந்த சொல்லை ஒடுக்கியது 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம். மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் வரைந்து கொடுத்தது. 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 299ஆம் பிரிவு பெரிய வட்டம்: கல்பபிள் ஹோமிசைடு, குற்றமாகும்படி ஓர் ஆளைக் கொல்வது. அந்த வட்டத்துக்குள் இருக்கும் சிறிய வட்டம் 300ஆம் பிரிவின் மர்டர். பெரிய வட்டத்துக்குள் விழுந்து சிறிய வட்டத்துக்கு வெளியே நிற்கும் எல்லாமே ‘மர்டர் அளவுக்கு எட்டாத கல்பபிள் ஹோமிசைடு’. தமிழில் எழுத வந்தவர்கள் சிறிய வட்டத்துக்குக் கொலை என்ற பெயரைக் கொடுத்துவிட்டார்கள். பெரிய வட்டத்துக்குப் பெயர் மிச்சமில்லை. மரணத்தைக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்பினார்கள்.

மரணத்துக்கு ஆள் தேவையில்லை. மழையில் வரும், காய்ச்சலில் வரும், தூக்கத்தில் வரும். ஹோமிசைடு என்ற லத்தீன் வழிச் சொல்லில் மனிதனும் இருக்கிறான், வெட்டும் இருக்கிறது. வெட்டுவதைக் குறிக்கும் வினைதான் அதன் பின்பாதி. தமிழில் அந்த ஆளும் போய், அந்த வெட்டும் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மர்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது சாவைக் குறிக்கும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர். வடமொழியின் மிருத்யு, மரணம், சாவில்லாதது என்ற பொருளில் அமிர்தம், எல்லாம் அதே வேரின் கிளைகள். ஆக, மர்டரோடு உடன்பிறந்த சொல்லை எடுத்து, மர்டர் ஆகாததற்குப் பெயராக வைத்திருக்கிறோம்.

மர்டருக்கும் ஆதியில் இன்றைய பொருள் கிடையாது. ஒளித்துச் செய்த கொலைதான் மர்டர். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நார்மன் ஒருவன் பிணமாகக் கிடந்து கொன்றவன் அகப்படாவிட்டால் அந்த வட்டாரமே அபராதம் கட்ட வேண்டியிருந்தது. இறந்தவன் ஆங்கிலேயன் என்று நிரூபித்தால் தப்பலாம். அபராதத்தின் பெயர் முர்திரம். 1340இல் அது ஒழிந்தது, சொல் தங்கிவிட்டது. முன்கூட்டியே நெஞ்சில் வைத்த வன்மம் என்ற பொருள் பிறகுதான் ஏறியது.

இரண்டு வட்டங்களுக்கும் இடையிலுள்ள கோடு எங்கே ஓடுகிறது என்பதைக் காட்ட வழக்கறிஞர்கள் இன்றும் எடுப்பது 1876ஆம் ஆண்டின் கோவிந்தா வழக்கு. பம்பாய் உயர் நீதிமன்றம். பதினெட்டு வயதுக் கணவன், பதினைந்து வயது மனைவி. உதைத்துக் கீழே தள்ளி, மார்பில் ஒரு முழங்காலை ஊன்றி, முகத்தில் முஷ்டியால் குத்தினான். மூளையில் ரத்தம் கசிந்து அந்தப் பெண் இறந்தாள். நீதிபதி மெல்வில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அந்த அடி இயல்பாகவே உயிரைப் போக்கப் போதுமானதா, உயிர் போகவும் கூடும் என்ற அளவிலானதா? இரண்டாவது என்று கண்டு, மர்டர் இல்லை என்றார். சாவு எவ்வளவு நிச்சயம் என்ற அளவில்தான் வேறுபாடு நிற்கிறது. சட்டத்தின் தர்க்கம் எனக்கு விளங்குகிறது, அது வேண்டும் என்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு நேர்ந்ததைக் ‘கொலையாகாத மரணம்’ என்று எழுத என் கை வரவில்லை. அவள் கொல்லப்பட்டாள். ‘ஆட்கொலை’ என்றாவது எழுதலாம். ஆட்கொல்லிப் புலி, ஆட்கொல்லி நோய் என்று பேசிப் பழகிய நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. உள்வட்டத்துக்குக் ‘கொடுங்கொலை’ என்று பெயர் வைத்து, ஆட்கொலையை வெளிவட்டத்துக்கு விட்டுவிடலாம்.

தற்காப்பு என்ற பெயருக்கு இதற்கு நேர்மாறான குறை. அங்கே சொல் குறுகி நிற்கிறது, சட்டம் அகன்று கிடக்கிறது. தன்னைக் கொல்வது தற்கொலை. தன்னைக் காப்பது தற்காப்பு. சட்டமோ ‘பிரைவேட் டிஃபென்ஸ்’ என்கிறது, காரணத்தோடுதான். தன் உடல் மட்டுமா, பக்கத்து வீட்டுக்காரர் உடலையும், சொத்தையும் காக்க அந்த உரிமை உண்டு. தெருவில் யாரென்றே தெரியாத பெண்ணை ஒருவன் கத்தியோடு துரத்தினால், குறுக்கே பாய்பவருக்கும் உண்டு. ‘தன்’ என்ற ஒற்றைச் சொல் இதை மறைத்துவிடுகிறது. குறளில் இப்படி மறையவில்லை. வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தில் தற்காத்தல் வந்த கையோடு பிறரைப் பேணுவதும் வந்துவிடுகிறது.

பழைய இங்கிலாந்தில் உயிருக்குத் தப்பக் கொன்றவனும் அரசனின் மன்னிப்புக்குக் காத்திருக்க வேண்டும், தன் பொருள்களையும் இழக்க வேண்டும். இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை; உரிமைக்குள் செய்தது குற்றமே இல்லை என்று தொடங்குகிறது. எல்லைகளும் உண்டு. காக்கத் தேவையானதற்கு மேல் தீங்கு கூடாது. காவல்துறையை அழைக்க நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. உயிர் போகும், கொடுங்காயம் ஆகும், பாலியல் வன்முறை நேரும், அமிலம் வீசப்படும் என்பது போன்ற நியாயமான அச்சம் இருந்தால்தான் எதிராளியின் உயிர்வரை போகலாம். கத்தி ஓங்கப்பட்ட அந்த நொடியில் நிற்பவர் அடியைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்து அளக்க முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை ஒப்புக்கொண்டிருக்கின்றன.

நல்லெண்ணத்தோடு தொடங்கி, வன்மமோ முன்திட்டமோ இல்லாமல் எல்லையைத் தாண்டிக் கொன்றுவிட்டால்? அப்போதுதான் தற்காப்பும் ‘கொலையாகாத’தும் ஒரே பக்கத்தில் சந்திக்கின்றன. இந்திய தண்டனைச் சட்டத்தில் 300ஆம் பிரிவின் இரண்டாம் விதிவிலக்காக இருந்தது அது. காத்தவர்தான், ஆனாலும் அளவு மீறிக் கொன்றவர்.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து எண்களை மாற்றியது. கொலைக்கான தண்டனை 302இலிருந்து 103க்குப் போனது. கொலையாகாத மரணம் 304இலிருந்து 105க்கு. 304 இப்போது பொருள் பறிப்புக்கான எண். ஊரில் இன்னும் ‘முந்நூத்தி ரெண்டு கேஸ்’ என்றுதான் பேசுகிறார்கள். எண்கள் மாறிய அந்த நேரத்தில் பெயரையும் மாற்றியிருக்கலாம், அது நடக்கவில்லை.

அன்று வராந்தாவில் அந்த அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “கொன்னது நெசம்னுதாம்மா எழுதியிருக்காங்க. கொல்லணும்னே அடிச்சானாங்கிறதுலதான் சந்தேகம். ஆயுள் தண்டனை வரைக்கும் குடுக்கலாம் இதுக்கும்.” அவர் தாளை வாங்கி, தலைகீழா நேரா என்று பார்க்காமல், நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அப்ப அந்த வார்த்தைய ஏன்யா போடல?” என்றார்.